வால்பாறை ஏற்றத்தில் மகளின் வாந்தி நின்றது எப்படி

ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவான லோம்ஸ் வியூ வருவதற்குள் ஐந்து வயது மகளுக்கு வாந்தி. இரண்டு விடுமுறைகள் இப்படியே வீணாயின. எலுமிச்சை முகர்ந்தும் நிற்கவில்லை. வெறும் வயிற்றில் ஏறினால் இன்னும் மோசம். கைப்பேசியில் கார்ட்டூன் போட்டுக் கொடுத்ததுதான் பெரிய தவறு.

அப்புறம்தான் உறைத்தது: இதே சாலையில் பேருந்தின் முன் சீட்டில் வந்தபோது அவளுக்கு ஒன்றுமே ஆகவில்லை. காரில் அவள் உயரத்துக்குக் குனிந்து பார்த்தேன். முன் இருக்கையின் முதுகு மட்டும்தான் தெரிந்தது! உள்காது வளைவை உணர்கிறது, கண்ணுக்கோ எதுவும் அசையவில்லை. குமட்டல் அந்த முரணால்தான்.

குழந்தையை உயர்த்தி உட்கார வைக்கும் பூஸ்டர் இருக்கை வாங்கி, முன்னால் சாலை தெரியும்படி பின்சீட்டின் நடுவில் தோள் பெல்ட்டோடு உட்கார வைத்தேன். இரண்டு இட்லி, கைப்பேசி கிடையாது. வளைவுக்கு வளைவு இருக்கும் எண் பலகைகளைப் படித்துக்கொண்டே வந்தாள். நாற்பதும் முடிந்தது, வாந்தி இல்லை. பெரிய நிம்மதி.