ஃபைபர் சைட்: வாங்கும்போது பார்க்க வேண்டியதும், இழை மாற்றும் விதமும்

குறி பார்க்க கைத்துப்பாக்கியின் மேலே முன்னும் பின்னும் நிற்கும் சிறு துண்டுகள்தான் சைட். அதில் ஒளி வாங்கும் பிளாஸ்டிக் இழை இருந்தால் அது ஃபைபர் சைட். டெக்சாஸில் 2021 செப்டம்பர் முதல், சட்டத் தடை எதுவும் இல்லாத, 21 வயது நிரம்பியவர்கள் உரிமம் எடுக்காமலே கைத்துப்பாக்கியை உடன் வைத்துக்கொள்ளலாம். (ஹெச்-1பி விசாவில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்கு ஓட வேண்டாம். வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, கூட்டாட்சிச் சட்டம் உங்களுக்குத் துப்பாக்கியே கூடாது என்கிறது.) ரேஞ்சில் (சுட்டுப் பழகும் இடத்தில்) பார்க்கும் நம் ஆட்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, "அண்ணா, அந்தப் பச்சைப் புள்ளி சைட் போடலாமா? சீக்கிரம் உடைஞ்சிரும்னு சொல்றாங்களே?"

தாராளமாகப் போடலாம். உடையவும் செய்யும். ஆனால் உடைவது சைட் இல்லை, அதற்குள் இருக்கும் சில சென்ட் பெறுமான பிளாஸ்டிக் இழை. பக்கவாட்டில் விழும் வெளிச்சத்தை அது வாங்கி, முனை வழியாகக் கண்ணுக்கு அனுப்புகிறது. இழை விழுந்துபோனாலும் நடுவில் ஓட்டையோடு கறுப்பு முன் சைட் அப்படியே நிற்கும். குறி பார்க்க அது போதும். அதனால் சைட்டின் உடல் எஃகாக இருக்கிறதா, இழையின் இரண்டு பக்கமும் உலோகச் சுவர் காக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இழை வெளியே துருத்திக்கொண்டு நீளமாக ஓடும் மாடல்களை நான் தொடுவதில்லை.

முன் சைட்டில் மட்டும் இழை, பின் சைட் வெறும் கறுப்பு. என் கணக்கு இதுதான். பின் சைட்டிலும் இரண்டு சேர்ந்து மூன்று புள்ளி மினுங்கினால் கண் எதைப் பிடிப்பது என்று அலையும். பச்சையா சிவப்பா என்றால் பச்சை. மனிதக் கண்ணுக்குப் பச்சைதான் கூடுதல் பிரகாசம், மாலை மங்கும்போது சிவப்பு முந்தி அணைந்துவிடும். உச்சி வெயிலில் பச்சை கண்ணைக் கூசினால் மெல்லிய இழை உள்ள சைட்டுக்கு மாறுங்கள்.

இருட்டில் இது ஒளிராது, அதை மனதில் வையுங்கள். நீங்கள் இருண்ட அறையில் நின்று வெளிச்சமான முற்றத்தைப் பார்த்தாலும் புள்ளி செத்துக் கிடக்கும். இரவுக்கும் வேண்டும் என்றால் டிரிடியமும் (இருட்டிலும் புள்ளியை ஒளிரவைக்கும் கதிரியக்க வாயு) ஃபைபரும் சேர்ந்த சைட் வாங்கலாம். டிரிடியத்தின் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறையும் காலம், சுமார் 12.3 வருடம் என்பதால் அதுவும் மெல்ல மங்கும்.

இழையைக் கொல்வது பெரும்பாலும் துடைக்கிறவர்தான். பிரேக் கிளீனர், அசிட்டோன் மாதிரி கடுமையான கரைப்பான் பட்டால் மயிரிழை வெடிப்பு விழுந்து ஒளி மங்கிவிடும். சோப்புத் தண்ணீரில் நனைத்த காது பஞ்சு போதும். இடுப்பிலேயே இருக்கும் துப்பாக்கியில் சட்டைப் பஞ்சு வந்து புள்ளியை மூடும், வாரம் ஒருமுறை துடையுங்கள்.

சரி, மாற்றுவதற்கு வருவோம். மேகசினை (தோட்டாப் பெட்டகத்தை) கழற்றி, சேம்பர் (சுடுவதற்குத் தோட்டா உட்காரும் அறை) காலியா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். தோட்டாக்களை வீட்டில் வேறு அறையில் வைத்துவிட்டு, ஸ்லைடை (சைட் பொருத்தியிருக்கும், முன்பின் நகரும் மேல்பகுதியை) தனியே எடுங்கள். சைட்டைக் கழற்ற வேண்டியதில்லை.

ஓட்டை பொதுவாக 1 மி.மீ. அல்லது 1.5 மி.மீ. இருக்கும், அதே தடிமனில் இழை வாங்குங்கள். பழையதைத் தள்ளி எடுத்துவிட்டு, புது இழையின் ஒரு முனையை நேராக வெட்டி, லைட்டர் சுடரின் ஓரத்துக்குக் கொண்டு போங்கள். சுடர் படக் கூடாது, பட்டால் கரி பிடித்துவிடும். வெறும் சூட்டிலேயே முனை சுருங்கி, தீக்குச்சித் தலை போல உருண்டு வரும். உடனே எடுத்து ஆற விடுங்கள்.

அந்த உருண்டை சுடுபவர் பக்கம் இருக்கும்படி செருகி, முன்னால் இறுக இழுத்து, ஒன்றரை மில்லிமீட்டர் விட்டு ஃபிளஷ் கட்டரால் (தட்டையாக வெட்டும் சிறு இடுக்கியால்) வெட்டுங்கள். அந்த முனையையும் அதேபோல் சூடு காட்டி உருட்டுங்கள். ஸ்லைடின் மேல்பூச்சைச் சுட்டுவிடாமல் இருக்க, நான் இங்கே லைட்டரை விட்டுவிட்டு சால்டரிங் அயர்ன் (ஈயப் பற்றுவைக்கும் கருவி) நுனியை அருகில் காட்டுவேன். பசை வேண்டவே வேண்டாம், அடுத்த முறை கழற்றும்போது உயிர் போகும்.

ஆறியதும் நகத்தால் முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். இழை கொஞ்சம் சுழன்றால் பரவாயில்லை. முன்பின்னாக நகர்ந்தால் இன்னொரு தரம் சூடு காட்டுங்கள். அப்புறம் ரேஞ்சில் ஒரு 50 தோட்டாப் பெட்டி சுட்டு முடித்ததும் மறுபடி தள்ளிப் பாருங்கள்.