புடைப்புத் தகட்டுப் படம்: வயதைப் பின்பக்கத்தில் தேடுங்கள்

பாய்க்கப்பல் புடைத்த பித்தளைப் படம் ஒன்றைத் திருகோணமலையில் விலை கேட்டால், "நேவிக்காரர் விட்டுட்டுப் போனது" என்பார்கள். பிரித்தானியர் அங்கிருந்த கடற்படைத் தளத்தைக் கையளித்தது 1957இல். கதை உண்மையென்றால் படம் அதற்கு முந்தியதாக இருக்க வேண்டும். கதையை விட்டுவிட்டுப் படத்தைக் கவிழ்த்துப் பாருங்கள்.

தேவையானவை: சின்னக் காந்தம், டோர்ச், பத்து மடங்கு லென்ஸ். போன் கமரா வேண்டாம், அது மெல்லிய கீறல்களை மழுப்பிவிடும்.

1. காந்தம். செம்பு, பித்தளை, அலுமினியம் எதிலும் ஒட்டாது. ஒட்டினால் முலாம் பூசிய இரும்புத் தகடு. தகட்டின் நடுவில் வையுங்கள். ஓரத்தில் வைத்தால் உள்ளேயிருக்கும் ஆணி இழுத்து ஏமாற்றும்.

2. கைவேலையா, அச்சா? பலரும் பிழைவிடும் இடம் இதுதான். முன்பக்கத்துச் சுத்தியல் புள்ளிகளை நம்ப வேண்டாம். தகட்டை அழுத்தும் அச்சிலேயே அவற்றை வெட்டி வைத்திருப்பார்கள். பிரேமைக் கழற்றி, அறையை இருட்டாக்கி, டோர்ச்சைத் தகட்டோடு படுக்கவைத்து முதுகில் வெளிச்சம் அடியுங்கள். கைவேலையென்றால் உளி விழுந்த குழிகள் ஒன்றன்மேல் ஒன்றேறி, ஆழம் மாறி மாறித் தெரியும். அச்சில் அழுத்தியது வழவழப்பாக, முன்பக்கத்தைத் தலைகீழாக்கியதுபோல் இருக்கும். முதுகு தட்டையாகவும் படம் பாரமாகவும் இருந்தால் அது வார்ப்பு.

3. காலம். படத்தில் எது ஆகப் புதியதோ, அதற்கு முன் அந்தப் படம் இல்லை. பின்பலகையாக அடிக்கும் ஹார்ட்போர்ட் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) 1924இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. கூட்டல்குறி வெட்டுள்ள ஸ்க்ரூ 1930களின் நடுப்பகுதியில் வந்தது. "மேற்கு ஜெர்மனி" என்ற முத்திரை 1949-1990 காலத்துக்குரியது. "ஸ்ரீலங்கா" என்று பொறித்திருந்தால் 1972இற்கு முந்தியதாக இருக்காது. ஆனால் "சிலோன்" என்றிருப்பதால் மட்டும் அதற்கு முந்தியதென்று முடிவெடுக்காதீர்கள், பெயர் மாறிய பிறகும் வியாபாரத்தில் அந்தச் சொல் ஓடியது.

*பின்சேர்க்கை:* பலகையில் ஆணியில்லாத பழைய துளைகள் தெரிந்தால் பிரேம் மாற்றப்பட்டிருக்கிறது. அப்போது ஸ்க்ரூ சொல்வது பிரேமின் வயதை மட்டும்தான். தகட்டின் முத்திரையையும் முதுகையும் வைத்தே முடிவுக்கு வாருங்கள்.

4. சுத்தம். தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள்! குத்துவிளக்குக்கு அது சரி. இங்கே புளியின் அமிலம் பல வருடம் படிந்த கருமையை ஒரே நாளில் தின்றுவிடும். வயதுக்கான சாட்சியும் அதோடு போய்விடும். மென்மையான காய்ந்த தூரிகை போதும். வெளிர்பச்சைப் பொடி துடைத்த இடத்திலேயே திரும்பவும் பூத்தால், கடற்காற்றின் உப்பு உலோகத்துக்குள் வேலைசெய்கிறது. அந்தப் படத்தைக் கடல்பக்கச் சுவரிலிருந்து இறக்கி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொதிகளோடு மூடிய பெட்டியில் வையுங்கள்.