லேப்டாப் கீபோர்டு, டச்பேடு: ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எடை குறைந்த லேப்டாப் இரண்டை ஒப்பிடும்போது பலரும் முதலில் பார்ப்பது 'கீ டிராவல்' எண்ணைத்தான். ஒன்றில் 1.5 மிமீ, இன்னொன்றில் 1.2 மிமீ என்றால் முதலாவதே மேல் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். விசை எவ்வளவு ஆழம் இறங்கும் என்பதை மட்டுமே அந்த எண் சொல்லும். அடியில் உள்ள ரப்பர் குமிழ் எந்த இடத்தில் 'டக்'கென்று மடங்குகிறது, விரலை எவ்வளவு பலத்தோடு திருப்பித் தள்ளுகிறது என்பதெல்லாம் அதில் வராது. விசைகள் சிக்கிக்கொள்வதாகப் புகார் வாங்கிய மிக மெல்லிய 'பட்டர்ஃப்ளை' கீபோர்டை ஆப்பிள் கைவிட்டு 2019இல் 16 அங்குல மேக்புக் ப்ரோவைக் கொண்டுவந்தபோது டிராவல் 1 மிமீ அளவுதான். ஆனாலும் தட்டச்சு செய்பவர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள்.

மெல்லிய உடலில் அதிகம் கவனிக்க வேண்டியது வேறு: ஜி, எச் விசைகளுக்கு நடுவே சற்று அழுத்திப் பாருங்கள். தளமே குழிந்தால், வேகமாக அடிக்கும்போது கீபோர்டு தொளதொளவென்றுதான் இருக்கும்.

கடை மேசை முன் நின்றுகொண்டு நாலு எழுத்து தட்டிப் பார்ப்பது சோதனை ஆகாது. உட்கார்ந்து, ஒரே பத்தியை இரண்டிலும் ஐந்து நிமிடம் அடித்துப் பிழைகளை எண்ணுங்கள். தமிழ்99 என்ற தமிழ்த் தட்டச்சு முறையைப் பயன்படுத்துபவர்கள் வலது ஓரத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும். ச, ஞ, ய எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. சிறிய உடலில் முதலில் ஒல்லியாக்கப்படுவதும் பெரும்பாலும் அந்த ஓரத்து விசைகள்தான்.

டச்பேடில் அளவை மட்டும் பார்ப்பது அடுத்த தவறு. சாதாரண டச்பேடுக்குக் கீல் மேல் விளிம்பில் இருக்கும். அதனால் கீழே எளிதாகக் கிளிக் ஆகும், மேலே போகப் போக இறுகும். நான்கு மூலையையும் அழுத்திப் பாருங்கள். ஹாப்டிக் டச்பேடு அசைவதே இல்லை, உள்ளே அதிர்வுதான் கிளிக் போலத் தோன்றுகிறது. லேப்டாப் அணைந்திருக்கும்போது அதை அழுத்திவிட்டு 'பழுது' என்று நினைக்க வேண்டாம்.

சுட்டியின் வேகத்தை இரண்டிலும் ஒரே அளவில் வைக்காமல் ஒப்பிட்டால், மதிப்பிடப்படுவது செட்டிங்ஸ்தான். வேகத்தைச் சரிசெய்தபின், கட்டைவிரலைக் கீழ் விளிம்பில் ஊன்றி ஆள்காட்டி விரலால் நகர்த்துங்கள். சுட்டி துள்ளினால், ஊன்றிய விரலை டச்பேடு ஒதுக்கவில்லை என்று பொருள்.

இதையே சார்ஜரோடு ஒருமுறை, சார்ஜர் இல்லாமல் ஒருமுறை செய்யுங்கள். எர்த் இல்லாத இரண்டு முள் சார்ஜரில் மட்டும் சுட்டி நடுங்கினால், குறை டச்பேடில் இல்லாமல் மின் இரைச்சலில் இருக்கலாம். எர்த் உள்ள வேறு சார்ஜரை மாட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.