வைசன்ப்ரூக்கின் வானம்: நோர்டன் நீர்வெளியை ஆயில் வண்ணத்தில் தீட்டும் முறை

டச்சு நிலக்காட்சி ஓவியர் ஜே. எச். வைசன்ப்ரூக் (1824–1903) நெதர்லாந்தின் ஹேக் நகரத்துக்காரர். ஆனால் அவர் தூரிகை விரும்பிப் போன இடம் நியூகோப் ஏரிகளை ஒட்டிய நோர்டன் என்ற சிற்றூர். அடுப்பெரிக்கப் பீட் என்ற கரிமண்ணை வெட்டியெடுத்த பள்ளங்களில் நீர் நிறைந்து, நடுவே நீளநீளமான வரப்புகள் மட்டும் மிஞ்சிய பூமி அது. மலை கிடையாது. கண்ணை நிறுத்த வானம்தான் இருக்கிறது. அதனால் இவ்வகைப் படத்தில் வானத்தை முதலில் முடிக்க வேண்டும். நீரின் நிறம், புல்லின் நிறம், காற்றாலை பார்க்கும் திசை எல்லாம் அதிலிருந்தே வரும்.

30 × 40 செ.மீ. பலகை போதும், அகலவாக்கில் வையுங்கள். ரா அம்பர் என்ற பழுப்பு வண்ணத்தை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்துப் பூசி, துணியால் துடைத்து, ஒரு நாள் உலர விடுங்கள். வெள்ளைப் பலகையில் நேரடியாகத் தொடங்கினால் எந்தச் சாம்பலும் இருட்டாகவே தெரியும். பயந்து வெள்ளையைக் கூட்டிக்கொண்டே போவீர்கள், வானம் வெளிறிவிடும்.

தொடுவானக் கோட்டைக் கீழிருந்து 8 அல்லது 9 செ.மீ. உயரத்தில் அளவுகோல் வைத்தே போடுங்கள். தட்டை நிலத்தில் 2 மி.மீ. சரிந்தாலும் ஏரி கவிழ்வது போல இருக்கும். வாய்க்கால் கரைகள் எல்லாம் அந்தக் கோட்டில் ஒரே புள்ளியில் போய்ச் சேர வேண்டும். புள்ளியை நட்டநடுவில் வைக்காதீர்கள். இடமிருந்து 15 செ.மீ. நல்ல இடம்.

டைட்டானியம் வெள்ளை பெரிய நெல்லிக்காய் அளவு. ஐவரி கறுப்பு, எல்லோ ஆக்கர் (மங்கிய மஞ்சள்), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), கோபால்ட் நீலம், ரா அம்பர் ஒவ்வொன்றும் சுண்டைக்காய் அளவு. முதலில் மூன்று குவியல் கலந்துவிடுங்கள். நடுச் சாம்பலுக்கு வெள்ளை 8 பங்கு, கறுப்பு 1 பங்கு, ஆக்கர் அரைப் பங்கு. இருண்ட சாம்பலுக்கு வெள்ளையைப் பாதியாக்கி, ஆக்கருக்குப் பதில் சியன்னா ஒரு துளி. ஒளிக்கு வெள்ளையும் வண்ணக் கத்தி நுனியளவு ஆக்கரும். கறுப்பும் வெள்ளையும் சேர்ந்தாலே நீலச்சாயல் வந்துவிடும். கோபால்ட் மேக இடைவெளிகளுக்கு மட்டும் போதும். வானம் பட அஞ்சலட்டை போல ஆவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த நீலத்தை அள்ளிப் பூசுவதுதான்.

மேகத்தின் அடிப்பகுதியிலிருந்து தொடங்குங்கள். அடி தட்டையாக, மெல்லிய பூச்சாக இருக்கட்டும்; ஒளி விழும் மேற்பகுதியைக் கடைசியில் தடிப்பாக வையுங்கள். தொடுவானத்தை நெருங்க நெருங்க மேகங்கள் சிறுத்து, படிந்து, சற்றே மஞ்சளிக்க வேண்டும். எல்லா மேகமும் ஒரே அளவானால் வானம் சுவராகிவிடும். ஈரத்தில் ஒரே இடத்தை மூன்று முறைக்கு மேல் தேய்த்தால் சேறுதான். கத்தியால் வழித்துவிட்டுப் புதிதாக வைப்பதே வேகமான வழி.

நீருக்குப் புதுக் கலவை வேண்டாம். வானத்தின் சாம்பலையே எடுத்து, ஒளியை ஒரு படி குறைத்து, மேலிருந்து கீழாக இழுங்கள். பிறகு இரண்டு மூன்று கிடைக்கோடுகள். தொலைவு நீர் வானத்தைக் காட்டும். காலடி நீரில் பீட்டின் பழுப்பு தெரியும், அங்கே அம்பர் சேருங்கள். நீரில் தெரியும் இருண்ட படகின் பிம்பம் படகைவிடச் சற்று வெளிறியிருக்கும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

புல்லுக்குக் கறுப்பும் ஆக்கரும் கலந்தால் வரும் மங்கிய பச்சையே பொருத்தம். வண்ணக் குழாயில் ஆயத்தமாக வரும் பச்சை அந்த ஊர் ஒளியில் ஒட்டாது.

ஓடும் காற்றாலையின் இறக்கைகள் காற்றை எதிர்கொண்டே நிற்கும். மேகம் இடமிருந்து வலம் நகர்வதாகத் தீட்டியிருந்தால் இறக்கைகள் இடப்பக்கம் பார்க்க வேண்டும். இரண்டு ஆலை இருந்தால் இரண்டும் ஒரே பக்கம். டச்சுக்காரர் கண்ணுக்கு இந்தப் பிழை உடனே படும்.

மறுநாள் மேற்பூச்சு வைப்பதானால் அதில் ஆளிவிதை எண்ணெய் கூடுதலாக இருக்கட்டும். அடியில் கறுப்பு தடிப்பாகப் போனால் அது மெதுவாகத்தான் உலரும். மேலே உள்ள பூச்சு முந்திக்கொண்டு உலர்ந்து வெடிக்கும். வார்னிஷுக்கு ஆறு மாதமாவது பொறுங்கள்.