ஓர் ஆர்டரின் பாதை: மின்வணிகம், இணையம், திறமூல மென்பொருள் மூன்றையும் சேர்த்துக் கற்பது எப்படி

மின்வணிகம், இணையக் கருத்துகள், திறமூல மென்பொருள் (மூலநிரலை எவரும் படிக்கவும் மாற்றவும் அனுமதிக்கும் மென்பொருள்) ஆகியவை பாடநூல்களில் பெரும்பாலும் தனித்தனி அலகுகளாகவே அமைகின்றன. மாணவர் முதல் அலகில் வணிக வகைகளையும், இரண்டாவதில் நெறிமுறைகளின் விரிவாக்கங்களையும், மூன்றாவதில் உரிமங்களின் பெயர்களையும் படித்து, தேர்வு முடிந்ததும் மூன்றையும் மறந்துவிடுகிறார். ஆனால் ஒருவர் இணையத்தில் ஒரு பொருளை வாங்குவதற்காகப் பொத்தானை அழுத்தும்போது இம்மூன்றும் சேர்ந்தே இயங்குகின்றன. ஆகவே அந்த ஒரு செயலைத் தொடக்கம் முதல் முடிவு வரை பின்தொடர்ந்து கற்பதே சரியான வழி என்பது என் உறுதியான கருத்து. அதற்கு ஒரு சாதாரணக் கணினியும், மென்பொருள்களைப் பதிவிறக்குவதற்கு இணைய இணைப்பும், சில மாலை வேளைகளும் போதும். உங்கள் கணினிக்குள்ளேயே ஒரு சிறு கடையை நிறுவி, அதில் நீங்களே கடைக்காரராகவும் வாடிக்கையாளராகவும் இருந்து, ஒவ்வொரு படியிலும் உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் கவனிப்பதற்கான வழிகாட்டி இது.

சர்வரை நிறுவுதல்

ஒரு வலைத்தளம் இயங்குவதற்கு, உலாவியின் கோரிக்கையைப் பெற்றுப் பதில் அனுப்பும் வலை சர்வர், அந்தப் பதிலைத் தயாரிக்கும் நிரல்மொழி, தகவல்களைச் சேமிக்கும் தரவுத்தளம் ஆகியவை வேண்டும். ஸாம்ப் என்னும் தொகுப்பு இம்மூன்றுக்கும் முறையே அப்பாச்சி, பிஹெச்பி, மரியாடிபி ஆகியவற்றை ஒரே நிறுவலில் தந்துவிடுகிறது. அதை அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து மட்டுமே பதிவிறக்குங்கள். நிறுவியபின் அதன் கட்டுப்பாட்டுப் பலகத்தில் அப்பாச்சியையும், மைஎஸ்க்யூஎல் என்று குறிக்கப்பட்டிருக்கும் தரவுத்தளத்தையும் தொடங்கி, உலாவியின் முகவரிப் பட்டியில் லோக்கல்ஹோஸ்ட் என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தால் வரவேற்புப் பக்கம் தோன்றும்.

சிலருக்குத் தோன்றாது. அப்பாச்சி தொடங்கிய உடனே நின்றுவிடும். 80-ஆம் போர்ட்டை வேறொரு நிரல் பயன்படுத்திக்கொண்டிருக்கிறது என்ற செய்தி பலகத்தில் வரும். போர்ட் என்றால் என்ன என்பதை இந்தத் தடங்கலைவிடத் தெளிவாகக் கற்றுத்தரும் பாடம் வேறில்லை. ஐ.பி. முகவரி ஒரு கணினியை அடையாளம் காட்டுகிறது. அக்கணினியில் இயங்கும் பல நிரல்களுள் எதற்கு வந்த தரவு இது என்பதைப் போர்ட் எண் காட்டுகிறது. உலாவியும் வலை சர்வரும் பேசிக்கொள்ளும் நெறிமுறையான எச்.டி.டி.பி.க்கு 80, அதன் குறியாக்கம் செய்யப்பட்ட வடிவமான எச்.டி.டி.பி.எஸ்.க்கு 443 என்பவை வழக்கமான எண்கள். 80-ஐ ஏற்கெனவே வேறொரு நிரல் பிடித்திருப்பதால், அப்பாச்சியின் அமைப்புக் கோப்பைத் திறந்து, 'லிசன் 80' என்றுள்ள வரியில் எண்ணை 8080 என மாற்றிச் சேமித்து, மீண்டும் தொடங்குங்கள். இனி முகவரியிலும் லோக்கல்ஹோஸ்டை அடுத்து ஒரு முக்காற்புள்ளி இட்டு 8080 என்று எழுத வேண்டும்.

லோக்கல்ஹோஸ்ட் என்பது 127.0.0.1 என்ற முகவரியைக் குறிக்கும். ஒரு கணினி தன்னைத்தானே அழைத்துக்கொள்ளும் முகவரி அது. தரவு உங்கள் கணினியை விட்டு வெளியே செல்வதே இல்லை. இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டுப் பக்கத்தை மீண்டும் திறந்து பார்த்தால் இது விளங்கும். வெளியில் உள்ள தளங்களைத் திறக்கும்போது, பெயரை ஐ.பி. முகவரியாக மாற்றித் தரும் டி.என்.எஸ். அமைப்பை உங்கள் கணினி முதலில் அணுகுகிறது. கட்டளைச் சாளரத்தில் 'என்எஸ்லுக்அப்' கட்டளையுடன் ஏதேனும் ஒரு தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் முகவரிகள் வரிசையாக வரும். நான்கு எண்களால் ஆனவை 32 பிட் கொண்ட ஐ.பி.வி4 முகவரிகள், அவற்றின் மொத்த எண்ணிக்கை ஏறத்தாழ 430 கோடிதான் என்பதால், 128 பிட் கொண்ட ஐ.பி.வி6 தேவைப்பட்டது. நீளமாக, எழுத்துகளும் கலந்து தெரிபவை அவை.

இணையமும் வலையும் ஒன்றல்ல என்பதையும் இந்தக் கட்டத்திலேயே மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். தரவுப் பொதிகளைக் கணினிகளுக்கிடையே கொண்டுசெல்லும் டி.சி.பி./ஐ.பி. நெறிமுறைகளுக்கு, இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட் வலையமைப்பு 1983 ஜனவரி 1 அன்று மாறியது. அவற்றின் மேல் இயங்கும், ஒன்றோடொன்று இணைக்கப்பட்ட பக்கங்களால் ஆன வலையை டிம் பெர்னர்ஸ்-லீ 1989-இல் செர்ன் இயற்பியல் ஆய்வகத்தில் முன்மொழிந்தார். 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் அதன் மென்பொருளைப் பொது உடைமையாக அறிவித்தது. எவரும் அனுமதி கேட்காமலும் கட்டணம் செலுத்தாமலும் ஒரு வலைக்கடையைத் திறக்க முடிகிறது என்றால், அந்த அறிவிப்புக்கு அதில் பெரும் பங்கு உண்டு.

கடையை எழுப்புதல்

பிரெஸ்டாஷாப், ஓப்பன்கார்ட் எனத் திறமூலக் கடை மென்பொருள்கள் பல இருந்தாலும், தொடக்க நிலையில் வலைத்தளங்களை உருவாக்கும் வேர்ட்பிரஸ்ஸையும், அதனோடு கடை வசதியைச் சேர்க்கும் கூடுதல் நிரலான வூகாமர்ஸ் செருகுநிரலையும் நான் பரிந்துரைக்கிறேன்; இவற்றுக்கான உதவிக் குறிப்புகள் எளிதில் கிடைக்கின்றன, மூலநிரலும் படிக்கக்கூடிய வகையில் உள்ளது. ஸாம்ப்புடன் வரும், தரவுத்தளத்தை உலாவி வழியே கையாள உதவும் பிஹெச்பிமைஅட்மின் பக்கத்தில் புதிய தரவுத்தளம் ஒன்றை உருவாக்குங்கள். எழுத்துத் தொகுப்பைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் 'யூடிஎஃப்8எம்பி4' வகையைத் தேர்ந்தெடுப்பது முக்கியம். பொருத்தமற்ற தொகுப்பைத் தேர்ந்தெடுத்தால் தமிழில் இடும் பொருட்பெயர்கள் கேள்விக்குறிகளாகச் சேமிக்கப்படக்கூடும். பின்னர் வேர்ட்பிரஸ் கோப்புகளை ஸாம்ப்பின் 'எச்டிடாக்ஸ்' கோப்புறைக்குள் ஒரு துணைக்கோப்புறையில் வைத்து, உலாவி வழியாக அந்த முகவரியைத் திறந்து, கேட்கப்படும் விவரங்களைத் தாருங்கள். ஸாம்ப்பில் தரவுத்தளப் பயனர் பெயர் 'ரூட்', கடவுச்சொல் வெற்று. சொந்தக் கணினிக்குள் கற்பதற்கு மட்டுமே இந்த அமைப்பு பொருந்தும். இதே நிலையில் ஒரு சர்வரை இணையத்தில் வைப்பது கதவைத் திறந்துபோட்டுவிட்டுச் செல்வதற்குச் சமம்.

வூகாமர்ஸை நிறுவியபின், ஒரு பொருளைச் சேர்த்து, விலை 500 என்றும், இருப்புக் கணக்கை இயக்கி இருப்பு 1 என்றும் இடுங்கள். பணம் செலுத்தும் முறைகளில், பொருள் கைக்கு வந்ததும் பணம் தரும் முறையை மட்டும் இயக்கினால் போதும். புதிய பதிப்புகளில் கடை தொடக்கத்தில் பொதுப் பார்வைக்கு மூடியிருக்கும். அமைப்புகளில் உள்ள தளத் தெரிவுநிலைப் பகுதியில் அதை நேரலைக்கு மாற்றுங்கள்.

நிறுவனத்திலிருந்து நுகர்வோருக்கு, நிறுவனத்திலிருந்து நிறுவனத்துக்கு, நுகர்வோரிடமிருந்து நுகர்வோருக்கு என்னும் வகைப்பாடு உங்கள் பாடத்திட்டத்தில் நிச்சயம் இருக்கும். நீங்கள் இப்போது அமைத்திருப்பது முதல் வகை. தனிநபர்கள் ஒருவருக்கொருவர் விற்க இடம் தரும் தளங்கள் மூன்றாம் வகை. இரண்டாம் வகையில் பேரம், கடன் தவணை, மொத்தக் கொள்முதல் விலை ஆகியவை சேர்வதால் அதன் மென்பொருளும் சிக்கலாகிறது. தேர்வுக்கு இவ்வளவு போதும்.

ஆர்டரைப் பின்தொடர்தல்

உலாவியில் மறைநிலைச் சாளரம் ஒன்றைத் திறந்து கடைக்குள் வாடிக்கையாளராகச் செல்லுங்கள். எஃப்12 விசையை அழுத்தி, உருவாக்குநர் கருவிகளில் நெட்வொர்க் தாவலைத் திறந்து வைத்துக்கொண்டு, பொருளைக் கூடையில் சேருங்கள். பட்டியலில் புதிதாகத் தோன்றும் கோரிக்கையைத் திறந்து, உலாவி சர்வருக்கு எவற்றை அனுப்பியது என்று படியுங்கள். பொருளின் அடையாள எண் இருக்கும். எத்தனை வேண்டும் என்ற எண்ணிக்கை இருக்கும். விலை இருக்காது.

இது தற்செயலானது அன்று. உலாவியிலிருந்து வரும் எதையும் பயனர் மாற்றி அனுப்ப முடியும். விலையைப் படிவத்தின் மறைபுலத்தில் (பயனருக்குத் திரையில் தெரியாத புலத்தில்) வைத்து அனுப்பும் கடையில், அதே எஃப்12 கருவியால் 500-ஐ 5 என்று திருத்திவிட்டு ஆர்டர் செய்ய எவராலும் இயலும். ஆகவே நேர்த்தியாக எழுதப்பட்ட கடை, பொருளின் எண்ணை மட்டும் பெற்றுக்கொண்டு, விலையைத் தன் தரவுத்தளத்திலிருந்து தானே எடுத்துக்கொள்கிறது. மாணவர் தம் திட்டப்பணிக்காகச் சொந்தமாகக் கடை எழுதும்போது மிக எளிதாகத் தவறிவிடும் இடம் இது என்பதால், உலாவியின் சொல்லை நம்பாதே என்னும் விதியை நிரலின் முதல் வரிக்கு முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, எச்.டி.டி.பி.க்கு நினைவாற்றல் இல்லை. ஒவ்வொரு கோரிக்கையும் முந்தையதோடு தொடர்பற்ற புதிய கோரிக்கையாகவே சர்வருக்குச் செல்கிறது. அப்படியானால் கூடையில் இருப்பது உங்கள் பொருள் என்று அடுத்த பக்கத்தில் அதற்கு எப்படித் தெரிகிறது? உருவாக்குநர் கருவிகளில் சேமிப்பகத் தாவலுக்குச் சென்று இந்தத் தளத்தின் குக்கீகளை, அதாவது சர்வர் உங்கள் உலாவியில் சேமித்துவைத்து ஒவ்வொரு கோரிக்கையோடும் திரும்பப் பெறும் சிறு தகவல்களைப் பாருங்கள். அவற்றுள் 'செஷன்' என்ற சொல்லைத் தாங்கிய ஒன்று இருக்கும். எல்லாக் குக்கீகளையும் அழித்துவிட்டுப் பக்கத்தைப் புதுப்பித்தால் கூடை காலியாகிவிடும், ஏனெனில் சர்வரின் பார்வையில் நீங்கள் இப்போது முன்பின் தெரியாத புதிய ஆள். நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மொண்டூலி 1994-இல் குக்கீயை உருவாக்கியபோது, அவர் முன் இருந்த தேவையும் ஓர் இணையக் கடையின் கூடையை நினைவில் வைப்பதுதான். விளம்பரக் கண்காணிப்புக்காக இன்று குற்றம் சாட்டப்படும் இந்தத் தொழில்நுட்பத்தின் வேர் மின்வணிகத்தில் இருக்கிறது.

இப்போது ஒரே பொருளுக்கு இரண்டு வாடிக்கையாளர்கள். மறைநிலைச் சாளரத்திலும் வேறொரு உலாவியிலும் அதே பொருளைக் கூடையில் சேருங்கள். இருப்பு 1 மட்டுமே என்றாலும் இரண்டு கூடைகளும் அதை ஏற்கும், ஏனெனில் கூடையில் போடுவதால் பொருள் ஒதுக்கப்படுவதில்லை. முதல் சாளரத்தில் ஆர்டரை முடித்துவிட்டு இரண்டாவதில் முயன்றால், இருப்பு இல்லை என்ற செய்தி வரும். இருவரும் ஒரே நொடியில் பொத்தானை அழுத்தினால் என்ன ஆகும்? இருப்பைப் படிப்பது ஒரு படியாகவும், அதிலிருந்து ஒன்றைக் கழிப்பது இன்னொரு படியாகவும் நிரல் எழுதப்பட்டிருந்தால், இரண்டு கோரிக்கைகளும் 1 என்று படித்துவிட்டு இரண்டும் விற்றுவிடும். இருப்பு சுழியத்தைவிட அதிகமாக இருந்தால் மட்டும் ஒன்றைக் கழி என்று ஒரே கட்டளையாகத் தரவுத்தளத்திடம் சொல்வதும், தொடர்புள்ள மாற்றங்களை ஒரே பரிமாற்றத்துக்குள் அடக்கி, எல்லாம் நிகழ வேண்டும் அல்லது எதுவும் நிகழக் கூடாது என்று வரையறுப்பதும் இதற்கான தீர்வுகள். தரவுத்தளப் பாடத்தில் வரும் பரிமாற்றம் என்னும் அதிகாரம் எதற்காக என்று கேட்கும் மாணவருக்கு இதைவிட நேரான பதிலை என்னால் தர இயலாது.

பிஹெச்பிமைஅட்மினுக்குத் திரும்பி, பெயர் 'ஆர்டர்ஸ்' என்று முடியும் அட்டவணையைத் திறந்தால் உங்கள் ஆர்டர் ஒரு வரியாக அமர்ந்திருப்பதைக் காணலாம். இப்போது பொருளின் விலையை 700 என மாற்றிவிட்டுப் பழைய ஆர்டரைப் பாருங்கள். அதில் 500-தான் இருக்கும். விலையை இரண்டு இடங்களில் வைப்பது வீண் நகல்போலத் தோன்றலாம். ஆனால் ஆர்டர் என்பது அந்த நேரத்தில் நடந்த ஒப்பந்தத்தின் பதிவு, அது பின்னர் மாறக் கூடாது.

பணமும் பாதுகாப்பும்

உண்மையான பணம் கைமாறும் கடையில், அட்டை விவரங்களை நீங்கள் பெறவும் வேண்டாம், சேமிக்கவும் வேண்டாம். அந்தப் பொறுப்பை, கடைக்காகப் பணம் பெற்றுத்தரும் சேவையான பேமென்ட் கேட்வேயிடம் விட்டுவிடுங்கள். கேட்வேக்கள் பொதுவாகச் சோதனை முறையையும் அதற்கான சோதனை அட்டை எண்களையும் தருகின்றன. கற்பதற்கு அவையே போதும். பணம் வந்துவிட்டது என்பதை வாடிக்கையாளரின் உலாவி திரும்பி வருவதை வைத்து முடிவு செய்யாமல், கேட்வே உங்கள் சர்வருக்கு நேரடியாக அனுப்பும் வெப்ஹூக் செய்தியைக் கொண்டு, அதன் கையொப்பத்தைச் சரிபார்த்தபின் முடிவு செய்ய வேண்டும். அந்தச் செய்தி உங்கள் லோக்கல்ஹோஸ்டுக்கு வராதது கண்டு பலர் திகைப்பதுண்டு. 127.0.0.1 ஒவ்வொரு கணினிக்கும் தன்னையே குறிப்பதால், வெளியிலிருந்து அந்த முகவரியில் உங்களை எவராலும் அடைய முடியாது.

உலாவியும் சர்வரும் பரிமாறுவதை இடையில் எவரும் படிக்காமலும் மாற்றாமலும் இருக்க டி.எல்.எஸ். குறியாக்கம் உதவுகிறது, 2018-இல் வெளியான 1.3 அதன் அண்மைப் பதிப்பு. இதற்குத் தேவையான சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு 2015 முதல் கட்டணமின்றி வழங்குகிறது. எனவே எச்.டி.டி.பி.எஸ். இருப்பதாலேயே ஒரு கடை நம்பகமானது என்று எண்ணிவிடக் கூடாது. நீங்கள் பேசுவது அந்தப் பெயருக்குரிய சர்வரோடுதான் என்பதற்கு மட்டுமே சான்றிதழ் உறுதி தருகிறது. ஏமாற்றுக் கடையும் அதைப் பெற முடியும்.

உரிமமும் பங்களிப்பும்

இதுவரை நீங்கள் நிறுவிய அனைத்தும் விலையின்றிக் கிடைத்தன என்றாலும், அவற்றைத் திறமூலமாக்குவது உரிமமே. கட்டற்ற இயங்குதளம் ஒன்றை உருவாக்க ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் அறிவித்த குனு திட்டத்திலிருந்து வளர்ந்த ஜி.பி.எல். உரிமத்தில் வேர்ட்பிரஸ்ஸும் வூகாமர்ஸும் வெளியாகின்றன. இயக்கவும், படிக்கவும், மாற்றவும், பகிரவும் அது அனுமதி தருகிறது. நீங்கள் நிரலை மாற்றி உங்கள் சர்வரிலேயே இயக்கினால் அந்த மாற்றத்தை வெளியிடும் கடமை இல்லை. மாற்றிய பிரதியை இன்னொருவருக்கு வழங்கினால், மூலநிரலையும் அதே உரிமத்தில் தர வேண்டும். வலைவழிச் சேவையாக இயக்கும்போதும் மூலநிரலைத் தரக் கோருவது ஏ.ஜி.பி.எல். உரிமம். எம்.ஐ.டி., அப்பாச்சி உரிமங்கள் இத்தகைய நிபந்தனையை விதிப்பதில்லை. உரிமக் கோப்பே இல்லாத நிரலை இணையத்தில் கண்டால், அது அனைவருக்கும் உரியது என்று எண்ணி எடுத்துவிடாதீர்கள். உரிமம் தரப்படாத படைப்பின் உரிமை ஆசிரியரிடமே இருக்கிறது.

மூலநிரல் திறந்திருப்பதால் பிழைகள் தாமாக மறைந்துவிடுவதில்லை. குறியாக்கத்துக்குப் பரவலாகப் பயன்படும் ஓப்பன்எஸ்எஸ்எல் நிரல் நூலகத்தில் ஹார்ட்பிளீட் என்னும் பிழை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் இருந்தபின் 2014-இல்தான் வெளிப்பட்டது. படிக்க உரிமை இருந்தால் மட்டும் போதாது, படிப்பவரும் வேண்டும். அந்த வேலையில் மாணவருக்கும் இடமுண்டு. கடையில் ஏதேனும் தவறாக நடந்தால், முதலில் மற்றச் செருகுநிரல்களை நிறுத்திவிட்டு அது மீண்டும் நிகழ்கிறதா என்று பாருங்கள். நிகழ்ந்தால், ஏற்கெனவே யாரேனும் தெரிவித்திருக்கிறார்களா என்று திட்டத்தின் களஞ்சியத்தில் (மூலநிரலும் பிழை அறிக்கைகளும் வைக்கப்படும் தளத்தில்) தேடுங்கள். இல்லையெனில் மென்பொருள்களின் பதிப்பு எண்கள், செய்த படிகள் வரிசையாக, எதிர்பார்த்த விளைவு, உண்மையில் நடந்தது, பிழைச் செய்தியின் முழு வாசகம் ஆகியவற்றைச் சேர்த்து ஓர் அறிக்கை எழுதுங்கள். பாதுகாப்பு தொடர்பான பிழையாக இருந்தால் அதைப் பொதுவெளியில் இடாமல், அத்திட்டம் அதற்கென அறிவித்துள்ள தனி வழியில் அனுப்புங்கள்.