என்ஜினில் கை வைக்கும் முன்: மலைநாட்டில் கார் ஓட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏப்ரல் முடிந்த கையோடு எங்கள் கராஜுக்கு ஆண்டுதோறும் ஒரு கூட்டம் வரும். நுவரெலியா வசந்தகாலக் கொண்டாட்டம், மகாகஸ்தொட்ட மலையேற்றப் போட்டி, தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் பந்தயப் புழுதி எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, காதுக்குள் இரைச்சல் அடங்கும் முன்பே வந்து நிற்கும் பிள்ளைகள். “அண்ணன், இருநூறு குதிரைச் சக்தி எடுக்கலாமா?” என்பதுதான் முதல் கேள்வி. அதே காரில்தான் அம்மாவை மாதத்துக்கு ஒருமுறை கிளினிக்குக் கூட்டிப்போக வேண்டும், தங்கையை வகுப்பில் விட வேண்டும் என்பதெல்லாம் இரண்டாவது கோப்பைத் தேநீருக்குப் பிறகுதான் வெளியே வரும்.

அவர்கள் செய்ய நினைப்பதில் பாதியை நான் ஏற்கனவே செய்து, காசைக் கொட்டி, வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். எண்ணெய் மாற்று, ரேடியேட்டரில் தண்ணீர் பார் என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அது தெரியாதவர் போனட்டைத் திறக்காமல் இருப்பதே நல்லது.

சத்தத்தைச் சக்தி என்று எண்ணுவது

சைலன்சரைக் கழற்றி வாளி போன்ற குழாயைப் போட்டால், தோட்டத்துக் கடைசி லயம்வரை கேட்கும். கார் ஓர் அடிகூட வேகமாகப் போகாது. டர்போ (புகையின் வேகத்தில் சுழன்று என்ஜினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் விசிறி) இல்லாத சிறிய என்ஜினுக்கு அளவுக்கு மீறி அகலமான குழாய் போட்டால், கீழ்ச்சுற்றில், அதாவது என்ஜின் நிமிடத்துக்குக் குறைந்த தடவை சுற்றும்போது, இருந்த கொஞ்ச இழுவையும் போய்விடும். இதற்கு மேல் இதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

சின்ன என்ஜினுக்குப் பெரிய டர்போ

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரியும்.

என்னிடம் ஒரு டொயோட்டா ஸ்டார்லெட் கிளான்சா இருந்தது. 1331 சிசி, 4இ-எஃப்டிஇ என்ஜின், கம்பனியில் இருந்து வரும்போதே 135 குதிரைச் சக்தி. கார் ஒரு தொன்னுக்கும் குறைவான எடை. கொட்டகலை மேட்டில் இரண்டாம் கியரில் மிதித்தால் சொன்னபடி கேட்கும். அதன் சிறிய டர்போ மூவாயிரம் சுற்றுக்குள்ளேயே விழித்துக்கொள்ளும். அந்தக் காருக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. குறை என் தலைக்குள் இருந்தது.

கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைப் பக்கம் போய், இரண்டு லீற்றர் என்ஜினுக்கு உரிய டர்போ ஒன்றை வாங்கிவந்தேன். மெனிபோல்ட், அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், குழாய், இன்ஜெக்டர், தனிக் கணினி எல்லாம் சேர்த்து 280,000 ரூபாய். அந்தக் காலத்தில் அது சிறிய காசு இல்லை. கொழும்பில், காரின் சக்தியை அளக்கும் டைனோ உருளையில் ஏற்றி அளந்தபோது தாளில் கோடு மலைபோல் ஏறியது. அந்தத் தாளை மடித்துப் பணப்பையில் வைத்துக்கொண்டு, கண்டவருக்கெல்லாம் காட்டினேன்.

அந்தக் கோடு மேலே எழும்பத் தொடங்கிய இடம் 4,500 சுற்று. அதை நான் பார்த்தேன், ஆனால் பொருட்படுத்தவில்லை.

இப்போது கணக்கைப் பாருங்கள். அந்தக் காரில் இரண்டாம் கியரில் 3,000 சுற்றுக்கு மணிக்கு ஏறக்குறைய 40 கிலோமீற்றர் வேகம். 4,500 சுற்று என்றால் 60. ஒரு கொண்டை ஊசி வளைவில் இருந்து வெளியே வரும்போது நமக்கு இருப்பது 25 கிலோமீற்றர், அதாவது 1,900 சுற்று. 25 இல் இருந்து 60 வரும்வரை டர்போ தூங்கும். லிந்துலைக்கும் நானுஓயாவுக்கும் நடுவில் 60 ஐத் தொடுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். கொழும்பு நெடுஞ்சாலையில் சிங்கமாக இருந்த கார் இங்கே எந்நேரமும் கொட்டாவி விட்டது.

அதோடு உயரத்தின் கணக்கும் இருக்கிறது. நுவரெலியா கடல் மட்டத்தில் இருந்து 1,868 மீற்றர். அங்கே காற்றழுத்தம் கொழும்பில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். டர்போ விழிக்கும்வரை என்ஜின் சாதாரண என்ஜின்போலத் தானே மூச்சு இழுக்க வேண்டும். இழுக்கும் காற்றிலோ ஐந்தில் ஒன்று இல்லை. ஆக 1.3 லீற்றர் என்ஜின், கொழும்பில் ஒரு 1.1 லீற்றர் என்ஜின் இழுக்கும் அளவுக்குத்தான் இழுக்கும். டர்போ என்ஜின் என்பதால், சிலிண்டருக்குள் காற்றை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்ற அழுத்த விகிதமும் எட்டுச் சொச்சம்தான். அதனால் கீழ்ச்சுற்றில் இன்னும் சோம்பல். டர்போவைச் சுழற்ற வேண்டியது புகைதான். காற்று குறைந்தால் புகை குறையும், புகை குறைந்தால் டர்போ இன்னும் பிந்தும். கொழும்பில் 4,500 இல் விழித்தது, நானுஓயாவுக்கு மேலே ஐயாயிரத்தை நெருங்கித்தான் விழித்தது.

இந்த இடத்தில் பிள்ளைகள் ஒரு குறுக்கு வழி பார்ப்பார்கள்: “பூஸ்டைக் கூட்டிவிடலாமே, அண்ணன்.” பூஸ்ட் என்பது டர்போ அமுக்கித் தள்ளும் காற்றின் அழுத்தம். பூஸ்ட் மீற்றரின் முள், வெளிக்காற்றுக்கு மேலே எவ்வளவு என்பதைத்தான் காட்டும். கொழும்பில் 0.8 பார் காட்டும்போது உள்ளே மொத்தம் 1.8, நுவரெலியாவில் அதே 0.8 காட்டும்போது 1.6 தான். முள் பொய் சொல்லவில்லை, நாம்தான் அதைத் தவறாக வாசிக்கிறோம். அந்த 1.6 ஐக் கொடுக்கவே டர்போ காற்றை இரண்டு மடங்காக அமுக்க வேண்டும், கொழும்பில் 1.8 மடங்கு போதும். அதாவது மலையில் முள் அதே இடத்தில் நின்றாலும் டர்போ கூடுதல் வேகத்தில் சுற்றிக் கூடுதலாகச் சூடாகிக்கொண்டிருக்கிறது. அதற்கு மேலும் முறுக்கினால் டர்போவின் தாங்கி முதலில் போகும், அல்லது பிஸ்டன் முதலில் போகும். எது முதலில் என்று பந்தயம் கட்டலாம்.

நான் பந்தயம் கட்டும் அளவுக்குப் போகவில்லை. அதற்கு முன்பே ஒரு மழைநாள் வந்தது. லிந்துலைப் பக்கம் மேட்டில் கொழுந்து லொறி ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. நேரான துண்டு வந்ததும் இரண்டாம் கியரில் மிதித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் மிதித்தேன். லொறியின் பக்கத்தில் அரைவாசியில் நிற்கிறேன், எதிரே வலப்பக்க வளைவு. எப்படியோ தாண்டி ஸ்டீயரிங்கைத் திருப்பியபோதுதான் அந்த டர்போவுக்கு விடிந்தது. முன்சில்லுகள் ஈரத்தில் சுற்றின, கார் வளைவைப் பார்க்காமல் நேராகப் போனது. முன் இடச்சில்லு கானுக்குள் இறங்கி, எண்ணெய்த் தொட்டி கொங்கிரீட் விளிம்பில் உட்கார்ந்தது.

இடப்பக்கம் மலைச்சரிவும் கானும் இருந்தன. வலப்பக்கம் பள்ளத்தாக்கு. வளைவு மற்றப் பக்கம் திரும்பியிருந்தால் என்ன என்று நான் அதிகம் யோசிப்பதில்லை. லொறிக்காரர் இறங்கி வந்து, மேலிருந்து கீழ்வரை என்னைப் பார்த்து, “தம்பி, நான் போட்ட சிக்னல் லைட் கண்ணுக்குத் தெரியவில்லையா?” என்று மட்டும் கேட்டார். கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த அக்காமார் கூடி வந்து காரைத் தூக்கிவிட்டார்கள். பணப்பையில் இருந்த டைனோ தாளை அன்று யாருக்கும் காட்டவில்லை.

இப்போது டர்போ கேட்டு வருபவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது ஒரு வீட்டுவேலை. வழக்கமாகப் போகும் பாதையில் வழக்கமான வேகத்தில் ஓட்டுங்கள். பக்கத்தில் இருப்பவர் சுற்று காட்டும் மீற்றரைக் கைபேசியால் படம் பிடிக்கட்டும். ஹட்டனில் இருந்து நுவரெலியாவரை போய்வந்து, எந்தச் சுற்றில் எவ்வளவு நேரம் இருந்தீர்கள் என்று கொப்பியில் எழுதுங்கள். என் காரில் நான் பிந்திய புத்தியில் செய்து பார்த்தபோது, பெரும்பாலான நேரம் 1,800 க்கும் 3,800 க்கும் இடையில்தான் ஓடியிருந்தேன். 280,000 ரூபாயை நான் கொட்டியது, என் கார் போகவே போகாத ஓர் ஊருக்கு. உங்கள் கொப்பியில் எந்த எண் அதிகம் வருகிறதோ, அங்கே இழுவையைக் கூட்டும் வேலையை மட்டும் செய்யுங்கள். சிறிய டர்போவை வைத்துக்கொண்டே நல்ல இன்டர்கூலர், அளவான குழாய், கவனமான டியூன். போதாவிட்டால், அதே வேகத்தில் என்ஜின் கொஞ்சம் கூடுதலாகச் சுற்றும்படி டிஃபரன்ஷியலில் குட்டையான பல் விகிதம். தாளில் எண் சிறிதாகத்தான் வரும். ரம்பொடை ஏற்றத்தில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும்போது வித்தியாசம் தெரியும்.

பெரிய கேம்சாஃப்ட் போட்டுவிட்டு பிரேக்கை மறப்பது

இதை ஒருவரும் சொல்லித்தருவதில்லை. பிரேக் மிதியை நம் காலுக்கு இலேசாக்குவது, என்ஜின் இழுக்கும் வெற்றிடம். வெளிக்காற்றுக்கும் அந்த வெற்றிடத்துக்கும் உள்ள வேறுபாடுதான் உதவி செய்கிறது. மலையில் வெளிக்காற்றின் அழுத்தமே குறைவு, அதனால் உதவியும் குறைவு. அதற்கு மேல் வால்வை அதிக நேரம் திறந்துவைக்கும் கேம்சாஃப்ட் போட்டால், சும்மா நிற்கும் சுற்றில் வெற்றிடம் இன்னும் குறையும். என்ஜின் குதிரைபோல் துள்ளித் துள்ளி நிற்பது கேட்க நன்றாகத்தான் இருக்கும். ரதெல்ல குறுக்கு வீதியில் இறங்கி, இரண்டு மூன்று முறை அடுத்தடுத்து மிதித்த பிறகு மிதி கல்லாகும்போதுதான் உறைக்கும். கேம்சாஃப்ட் மாற்றத்தான் வேண்டும் என்றால் வெற்றிடத்தை அளந்து பாருங்கள். பிரேக் எண்ணெயையும் பட்டைகளையும் அதற்கு முன்பே மாற்றுங்கள்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது

தெர்மோஸ்டாட் என்பது, என்ஜின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாத வால்வு. “சூடாகாமல் இருக்கும்” என்று சொல்லிக் கழற்றுகிற பாஸ்மார் இன்னும் இருக்கிறார்கள். நுவரெலியாக் குளிரில் சூடாகாமல் இருப்பதுதான் பிரச்சினையே. என்ஜின் 80 பாகையைத் தொடாவிட்டால், இன்னும் குளிர்ந்துதான் இருக்கிறோம் என்று எண்ணிக் கணினி பெற்றோலைக் கூடுதலாக ஊற்றிக்கொண்டே இருக்கும். அது சிலிண்டர் சுவரில் உள்ள எண்ணெயைக் கழுவி, கீழே தொட்டியில் போய்க் கலக்கும். டிப்ஸ்டிக்கை மணந்து பாருங்கள், பெற்றோல் மணக்கும். சூடேறும் காருக்கு ரேடியேட்டரைப் பாருங்கள், விசிறியைப் பாருங்கள். அந்த வால்வு பாவம்.

பந்தயக் கிளட்ச், இலேசான பிளைவீல்

ஹட்டன் நகரத்து மேட்டில், முன்னால் பஸ், பின்னால் முச்சக்கரவண்டி மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்கும்போது பத்துத் தடவை நகர்ந்து நின்று பாருங்கள். பிறகு முடிவெடுங்கள்.

கொழும்பில் டியூன் செய்து கொண்டுவருவது

டியூன் செய்பவர் கெட்டிக்காரராகவே இருக்கலாம். ஆனால் அவர் அளந்தது கடல் மட்டக் காற்றை. என்ஜினுக்குக் காற்று விடும் கதவான திராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை மட்டும் பார்த்துப் பெற்றோல் அளக்கும்படி அமைத்த கார், உயரத்துக்கு ஏற்பத் திருத்தம் வைக்காவிட்டால், மேலே வரவரக் கறுப்புப் புகை தள்ளும், பிளக் கரிபிடிக்கும். அழுத்தத்தைப் பார்த்து அளக்கும் அமைப்பு பரவாயில்லை, ஆனால் அதிலும் சும்மா நிற்கும் சுற்றையும் காலைக் குளிரில் ஸ்டார்ட் ஆவதையும் இங்கே வைத்துத்தான் சரிபார்க்க முடியும். பெரும்பாலான டியூன்காரர்கள் முழு மிதியில் மட்டும் அளந்து தாளை நீட்டுவார்கள். முழு மிதியில் நாம் ஒரு நாளில் எத்தனை நிமிடம் ஓட்டுகிறோம்? காசு கொடுக்கும் முன், கால்வாசி மிதியிலும் அரைவாசி மிதியிலும் எவ்வளவு நேரம் செலவழிப்பீர்கள் என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு முகம் சுளிப்பவரிடம் காரைக் கொடுக்காதீர்கள்.

95 ஒக்டேன் பெற்றோலுக்கு டியூன் செய்துவிட்டு 92 ஊற்றுவது

பிஸ்டன் மன்னிக்காது.

ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்துவது

தோட்டத்துப் பாதையில் முதல் ஐம்பது அடியிலேயே பதில் கிடைக்கும்.

கழற்றிய பாகங்களை விற்பது

2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்தார்கள். அந்த ஐந்து வருடத்தில் பழைய ஜப்பான் கார்களின் அசல் பாகங்களுக்கு வந்த மரியாதையை ஒரு கராஜ்காரனாகக் கண்ணால் கண்டேன். மாற்றுவதற்காகக் கழற்றிய எதையும் விற்காதீர்கள். எண்ணெய் தடவி, துணியில் சுற்றி, பெயர் எழுதிப் பெட்டியில் வையுங்கள்.

கிளான்சாவின் சிறிய டர்போவை நான் அப்போதே 25,000 ரூபாய்க்கு விற்றிருந்தேன். கானில் இருந்து காரைத் தூக்கிய பிறகு அதே போன்ற ஒன்றைத் தேடி எட்டு மாதம் அலைந்தேன். கடைசியில் கம்பளையில் ஒருவரிடம் கிடைத்தது. 70,000 சொன்னார், பேரம் பேச இடம் வைக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து துடைத்துப் பார்த்தபோது, பக்கத்துப் போல்ட் ஒன்றின் தலையில் என் பழைய ஸ்பானர் வழுக்கிய தழும்பு இருந்தது.