டியூடர் குடிவழியை வரையும் முறை: தொடக்கநிலையினருக்கு

இங்கிலாந்தை 1485 முதல் 1603 வரை ஆண்ட டியூடர் மரபு, வேல்ஸின் ஆங்கிள்சி தீவிலுள்ள பென்மனித் என்னும் ஊரில் வேரூன்றிய குடும்பத்திலிருந்து கிளைத்தது. அதன் குடிவழியை வரைய ஒரு தாளும், கறுப்பு, சிவப்பு என இரு நிற மைகளும் போதும்.

படி 1: தாளின் உச்சியில் கறுப்பு மையால் எட்னவெட் வகன் என்று எழுதுங்கள். 1246இல் மறைந்த இவர், வட வேல்ஸின் குவினெத் நாட்டை ஆண்ட லெவலினின் தலைமை அதிகாரி; இவருடைய வழியினர் போர்க்காலப் படைப்பணி தவிர வேறெந்தக் கடமையும் இல்லாத நிலங்களைப் பெற்றிருந்தனர்.

படி 2: வேல்ஸில் அக்காலத்தில் நிலையான குடும்பப்பெயர் கிடையாது, மகனைக் குறிக்கும் ‘அப்’ என்ற சொல்லுடன் தந்தையின் பெயரைச் சேர்த்தே எழுதினர். ஆகவே, ஒரே பெயர் பல தலைமுறைகளில் திரும்ப வரும் என்பதால், ஒவ்வொருவருக்கும் தந்தை பெயரைத் தவறாமல் குறியுங்கள்.

படி 3: எட்னவெட்டின் வழிவந்த டுடுர் அப் கொரோன்வியின் மக்களில் ரீஸ், குவிலிம், மரேதித் ஆகிய மூவரையும் அருகருகே எழுதுங்கள். முதலிருவரும் ஆங்கிலேய ஆட்சிக்கு எதிராக உறவினரான ஓவைன் கிளின்டூர் நடத்திய கிளர்ச்சியில் இணைந்து, 1401ஆம் ஆண்டு புனித வெள்ளியன்று, காவலர்கள் வழிபாட்டில் இருந்த வேளையில் கான்வி கோட்டையைக் கைப்பற்றினர். கிளர்ச்சி தோற்றதால் குடும்பம் சரிந்தது. மரேதித்தின் மகன் ஓவைன்தான் இங்கிலாந்து அரசவையில் புது வாழ்வைத் தேடிக்கொண்டார்.

படி 4: ஓவைனுக்கு அருகில், அவர் மறைவாக மணந்த, ஐந்தாம் ஹென்றியின் கைம்பெண்ணான கேத்தரினை எழுதி, கீழே மகன்கள் எட்மண்டையும் ஜாஸ்பரையும் இணையுங்கள். ஆறாம் ஹென்றிக்கு ஒரே தாய் வயிற்றுத் தம்பியரான இவர்கள் 1452இல் பிரபுப் பட்டம் பெற்றனர்.

படி 5: இப்போது சிவப்பு மை. எட்மண்டின் மனைவி மார்கரெட் போஃபோர்ட்டிலிருந்து இங்கிலாந்து மன்னர் மூன்றாம் எட்வர்டு வரை கோடிழுங்கள். 1457இல் பெம்புரோக் கோட்டையில் பிறந்த இவர்களின் மகன் ஹென்றிக்கு (பின்னாளில் ஏழாம் ஹென்றி) அரியணை உரிமை வந்தது இந்தச் சிவப்புக் கோட்டால்தான். கறுப்புக் கோடு தந்தது ஆதரவாளர்களை. இதைப் பலர் கலந்துவிடுகிறார்கள்.

படி 6: செல்வாக்கை ஓரத்தில் குறியுங்கள். 1485 ஆகஸ்ட் 7 அன்று வேல்ஸின் மில் விரிகுடாவில் இறங்கிய ஹென்றி, வேல்ஸ் வழியாகப் படை திரட்டிச் சென்று, 22 அன்று போஸ்வொர்த் போரில் வென்று அரியணை ஏறினார். செந்நிற டிராகன் கொடியையும் ஏந்தினார். ஆயினும் அவருடைய மகன் எட்டாம் ஹென்றி 1536இல் பிறப்பித்த சட்டம், வேல்ஸ் நீதிமன்றங்களின் மொழியாக ஆங்கிலத்தை ஆக்கியது. ஏழாம் ஹென்றியின் பேத்தி எலிசபெத்தின் ஆட்சியிலோ, 1563ஆம் ஆண்டுச் சட்டம் விவிலியத்தை வெல்ஷ் மொழியில் பெயர்க்கக் கட்டளையிட்டது. வில்லியம் மோர்கனின் முழுப் பெயர்ப்பு 1588இல் வெளிவந்தது. ஏழாம் ஹென்றியின் கீழே எட்டாம் ஹென்றியையும் எலிசபெத்தையும் சேர்த்து, 1563, 1588 ஆகிய இவ்விரண்டு ஆண்டுகளையும் எலிசபெத்தின் பெயருக்குக் கீழே எழுதிவிடுங்கள்.